நான்காவது விதி

எங்கள் ஊரில் ஜனவரி பிறந்தால் எல்லோருக்கும் முதுகு வலிக்கும். வாசலில் குவிந்த பனியை வாரி எறியாமல் கார் வெளியே வராது. அறுபதைத் தொட்டவர்கள்கூட இருபது வயது நினைப்பில் மண்வாரியைத் தூக்குவார்கள். மறுநாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கிளினிக் வாசலில் நிற்பார்கள். முப்பத்தாறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மார்வ் ஸ்டெக்கர் ஒரு ஜனவரியில் என்னிடம் வந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. நான் அவனைக் கூப்பிடவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மிஸ் ஹால்வர்சன்.

காபி இருக்கிறது. தலைநகர் டி மாய்னிலிருந்து பனியில் இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். வேண்டாமா? சரி. உரிம வாரியத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. போன தடவை வந்தவரும் இப்படித்தான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். எக்ஸ்ரே படங்கள் உங்கள் பையில் இருக்கின்றன, அவற்றில் என் கையெழுத்து இருக்கிறது. மறைப்பதற்கு என்ன மிச்சம்? நான் சொல்லப்போவது என்ன நடந்தது என்பதை அல்ல. அது உங்களுக்கே தெரியும். நான் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கைரோபிராக்டர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, கத்தி கிடையாது. வெறும் கையால் முதுகெலும்பை நேராக்குவது தொழில். ஊரில் எனக்கு 'நெட்டி முறிக்கிறவர்' என்று பெயர். முதுகு வலிக்கிற நாளில் மட்டும் 'டாக்டர்' ஆகிவிடுவேன். என் அப்பாவும் இதே தொழில்தான். லைசென்ஸ் சட்டம் வருவதற்கு முன்பு, மருத்துவம் படிக்காமல் மருத்துவம் செய்தார் என்று அவரைப் பதினெட்டு நாள் சிறையில் வைத்தார்கள். பெண்கள் சிறை ஜன்னலுக்கு வெளியே கேக்கோடு வரிசையில் நின்றார்கள் என்று அம்மா சொல்லுவாள். அப்பா வெளியே வந்த அன்று மாலையே மூன்று பேருக்கு முதுகு பார்த்தாராம். அப்படிப்பட்டவருடைய மகன் நான். சட்டம் என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேசுகிற விஷயம்.

லொரெய்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

லொரெய்ன், மார்வின் மனைவி. அவளுடைய இதயத் துடிப்பு சீராக இல்லை என்று, ரத்தம் உறையாமல் இருப்பதற்காக மருத்துவமனையில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். எலிக்கு வைக்கிற மருந்தும் அதுவும் ஒரே குடும்பம். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி, நான் கண்டுபிடித்ததல்ல. கழுத்து வலி என்று அவள் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். நான் அவளிடம் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். கழுத்து நேரானால் நரம்பு நேராகும், நரம்பு நேரானால் இதயம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், வாரத்துக்கு மூன்று தடவை வந்தால் அந்த எலி மருந்துக்கு அவசியமே இருக்காது. தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. தூக்கிப் போட்டது அவள். புத்தியுள்ள பெண் என்றால் தன் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாளா? பதினேழாம் நாள் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. பேச்சு பாதி திரும்பி வந்தது.

மார்வ் வாரியத்துக்கு எழுதினான். விசாரணைக்கு டி மாய்னுக்குப் போனோம். அவன் சவ அடக்கத்துக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பன்றிப் பண்ணைக்காரன், அவனிடம் வேறு கோட்டு கிடையாது. நீளமான மேஜைக்குப் பின்னால் என் தொழில்காரர்கள் ஐந்து பேர், பொதுமக்கள் சார்பில் இரண்டு பேர். அவர்கள் மார்வைக் கேட்டார்கள், உங்களுக்கு என்ன வேண்டும், இவருடைய உரிமத்தைப் பறிக்க வேண்டுமா என்று. அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அவன் பொழப்பக் கெடுக்க எனக்கு ஆசை இல்லீங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து தெரிஞ்சவன். எலும்புல கெட்டிக்காரன்தான், இல்லேங்கல. எலும்பப் பாக்கட்டும். எலும்ப மட்டும் பாக்கட்டும். எலும்பத் தாண்டி இவன் கண்ணு எதையும் பாக்க வேணாம், வாயி எதையும் பேச வேணாம். அவ்ளோதான் நான் கேக்கறது."

பொதுமக்கள் சார்பில் வந்திருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். என் தொழில்காரர்களில் ஒருவர், நான் டேவன்போர்ட் கைரோபிராக்டர் கல்லூரியில் படித்தபோது எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவர், அவரும் சிரித்தார். எனக்குக் கிடைத்தது இரண்டு வருடம் கண்காணிப்பு, இருபது மணி நேரப் பயிற்சி வகுப்பு, அதற்கு ஒரு தேர்வு. தீர்ப்பை ஊர்ப் பத்திரிகையில் சோயாபீன் விலைக்குப் பக்கத்தில் போட்டார்கள். கூடவே, கைரோபிராக்டர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற விதிகளை நோயாளிகள் பார்க்கும் இடத்தில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்றும் உத்தரவு.

மாட்டினேன். அதோ, உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மனப்பாடமாகவே சொல்கிறேன். ஒன்று, முதுகெலும்பையும் அதைச் சேர்ந்த மூட்டுகளையும் கையால் சரிசெய்யலாம், அதற்கு வேண்டிய எக்ஸ்ரே எடுக்கலாம். இரண்டு, மருந்து எழுதக்கூடாது, பிறர் எழுதிய மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ சொல்லக்கூடாது. மூன்று, தன் தொழிலுக்கு வெளியே உள்ள எந்த நோயையும் குணப்படுத்துவதாகச் சொல்லக்கூடாது. தேர்வில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த வகுப்பில் இருந்த பதினோரு பேரில் அதுதான் முதல் மதிப்பெண். அந்தத் தாளையும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள்.

அதற்குப் பிறகு இந்த மாநிலத்திலேயே என்னைவிடச் சட்டத்தை மதித்த கைரோபிராக்டர் கிடையாது. சளி என்று வந்தவர்களிடம் எலுமிச்சைச் சாறு குடி என்றுகூடச் சொன்னதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மூடிப் பிழைத்தேன். ஊர் மூடவில்லை. பெட்ரோல் பங்கில் நின்றால், "டாக்டரே, டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாக்கலாமா, இல்ல அது உங்க எலும்புல சேராதா?" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். சிரிப்பதற்கு வாரியத்தின் தடை எதுவும் இல்லை.

இப்போது மார்வ் வந்த கதை. தீர்ப்பு வந்து மூன்றாவது வருடம், தொண்ணூற்று நான்கு ஜனவரி. காலை ஒன்பதரை இருக்கும். என் வரவேற்பு மேஜையில் இருக்கிற வெர்னா உள்ளே வந்து, முகம் வெளுத்து, "அவரு வந்திருக்காரு டாக்டர். திருப்பி அனுப்பிடட்டுமா?" என்றாள். நான் ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? வரச் சொன்னேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன லைல், உக்காரலாமா? இல்ல, உக்கார்றதுக்கும் போர்டுகிட்ட சீட்டு வாங்கணுமா?"

"உட்காருங்க, மிஸ்டர் ஸ்டெக்கர்."

"மிஸ்டராம் மிஸ்டர். பள்ளிக்கூடத்துல தெனமும் என் ரொட்டியில பாதியத் தின்ன வாயி அது." உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்தான். "இங்க பாரு. லொரெய்ன் போவாதேன்னுதான் சொன்னா. நான் சொன்னேன், அவன் செஞ்சதுக்கு வேண்டியத அனுபவிச்சிட்டான், அதோட தீந்துது, இன்னும் எத்தன காலம் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு அலையறதுன்னு. நாப்பது மைல் ஓட்டிப் போயி எவன்கிட்டயோ முறிச்சிக்கறதுக்கு, நம்ம ஊர்க்காரனே முறிக்கட்டுமே."

கையை நீட்டினான். குலுக்கினேன். மிஸ் ஹால்வர்சன், உங்களை யாராவது மன்னித்திருக்கிறார்களா? நீங்கள் கேட்காமலே, உங்கள் சொந்த அறைக்குள் வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு? தண்டனையை நான் பொறுத்துக்கொண்டேன். பெட்ரோல் பங்கையும் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

முறைப்படி எக்ஸ்ரே எடுத்தேன். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எங்கள் தொழிலில் படத்தை எடுத்து உறையில் போட்டு வைப்பதில்லை. விளக்குப் பெட்டியில் மாட்டி, மெழுகுப் பென்சிலால் படத்தின் மேலேயே கோடு போடுவோம், கோணம் அளப்போம், எண்ணை ஓரத்தில் எழுதுவோம். டேவன்போர்ட்டில் எங்கள் ஆசிரியர் ஒருவர், "கோடு போடாத படம் பார்க்காத படம்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் விரலில் பென்சிலை ஒட்டவைத்துவிட்டார். அன்று மத்தியானம் நான் தனியாக உட்கார்ந்து மார்வின் எலும்புகளுக்குக் கோடு போட்டேன். இடுப்புப் பகுதியின் நான்காவது எலும்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. அறுபது வயதுப் பன்றிப் பண்ணைக்காரனுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த எலும்புக்கு முன்னால் முட்டை ஓட்டின் விளிம்பு போல மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து போனது.

உங்களுக்கு இது புரிய வேண்டும். இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் முதுகெலும்பை ஒட்டித்தான் போகிறது. சாதாரணமாக எக்ஸ்ரேயில் தெரியாது. வயதாகி அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்தால் தெரியும். அந்தக் குழாய் பலவீனமாகி உப்ப ஆரம்பித்தால், அந்த வளைவு வயிற்றுப் பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வரும். உப்பிக்கொண்டே போய் ஒரு நாள் வெடிக்கும். வெடித்தால் பிழைப்பவர்கள் குறைவு. வெடிப்பதற்கு முன் அறுவை செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். இதெல்லாம் முதல் வருடப் பாடம். முதுகு வலி என்று வந்தவனுக்கு எக்ஸ்ரே எடுத்து, மருத்துவமனைக்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்கிற கைரோபிராக்டர்கள் எத்தனையோ பேர். அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு.

அளந்தேன். குறுக்கே நாற்பத்தோரு மில்லிமீட்டர். கோடு போட்டு, எண்ணை எழுதி, தேதி போட்டேன். அது பழக்கம். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து யோசித்தேன். இது எலும்பா? எலும்பு இல்லை. என்னிடம் கேட்டுக்கொண்டது என்ன? எலும்பைத் தாண்டி எதையும் பார்க்காதே, பேசாதே. யார் கேட்டுக்கொண்டது? இந்த வயிறு யாருடையதோ அவன்தான்.

இரண்டு நாள் கழித்து அவனுக்குப் படம் காட்டினேன். அதுவும் எங்கள் வழக்கம், நோயாளியை விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து அவனுடைய முதுகை அவனுக்கே விளக்குவது. அதற்கு முன் அந்த ஒரு கோட்டின் மேல் என் பெயர் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை ஒட்டினேன். தேய்ந்த எலும்பைக் குச்சியால் காட்டினேன். குச்சியின் முனைக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருந்தது.

"வேற எதுவும் தெரியுதா?" என்று கேட்டான்.

"நான் எலும்பை மட்டும்தான் பாக்கறேன், மார்வ்."

தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "அட பாவி. அன்னிக்கு நான் சொன்னத இன்னும் வயித்துலயே வெச்சிருக்கியா? சரியான ஆளுய்யா நீ."

நான் உண்மையைத்தான் சொன்னேன். அவன் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்வது?

பொய் சொன்னேனா என்று நீங்கள் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இந்த மூன்று வருடத்தில் நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. மாதம் இரண்டு தடவை வருவான். முதுகைத் தடவி, மெதுவாகச் சரிசெய்து அனுப்புவேன். முரட்டுத்தனமாக அழுத்த மாட்டேன், குப்புறப் படுக்கச் சொல்லவும் மாட்டேன். உப்பிய குழாய் இருக்கிறவனை அப்படி அழுத்தக்கூடாது. என் கையின் கீழே ஏதாவது ஆகியிருந்தால், அது என் தொழிலின் வரம்பை மீறியதாக ஆகியிருக்கும். அவனிடம் நான் காட்டிய அக்கறையை வேறு எந்த நோயாளியிடமும் காட்டியதில்லை. வெர்னாவைக் கேளுங்கள், அவளே அதைச் சொல்லி நெகிழ்ந்துபோயிருக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் இப்பிடி இருக்கறதப் பாத்தா கர்த்தருக்கே சந்தோஷமா இருக்கும், டாக்டர்" என்றாள்.

ஜனவரிக்கு ஜனவரி புதுப் படம். அதற்கும் விதி இடம் கொடுக்கிறது. தொண்ணூற்றைந்தில் நாற்பத்தேழு. தொண்ணூற்றாறில் ஐம்பத்தைந்து. நான் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தேனா என்று கேட்டால், ஆமாம். டிசம்பர் வந்தாலே எனக்கு மனசு லேசாகிவிடும். கிறிஸ்துமஸுக்காக இருக்கும் என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை சங்கடம் வந்தது. தொண்ணூற்றைந்தில் அவன் வெளியே காத்திருந்தபோது, பொழுது போகாமல் சுவரில் மாட்டியிருந்த விதிகளை உரக்க வாசிக்க ஆரம்பித்தான். பன்றி விலையைத் தவிர வேறு எதையும் வாசிக்காத மனிதன். "ஒண்ணு, முதுகெலும்பையும்… கேட்டியா வெர்னா, சட்டம் போட்டு மாட்டியிருக்கான்யா." வெர்னா சிரித்தாள். இரண்டை வாசித்தான். மூன்றை வாசித்தான். நான் கதவைத் திறந்து, "வா மார்வ், உன் முறை" என்றேன். அதற்கு முன்னால் இருந்தவருக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. அந்த வாரம் சுவரில் ஒரு காலண்டரை மாட்டினேன். சும்மா சுருண்டு கிடந்தது. ஆணி அந்த இடத்தில்தான் இருந்தது.

கடைசிப் படம் இந்த ஜனவரியில். அறுபத்தெட்டு. படத்தை மாட்டி விளக்கைப் போட்டதும் நானே கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். அவ்வளவு பெரியதை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. அன்று மார்வ் கிண்டல் எதுவும் செய்யவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"லைல், ஒண்ணு கேக்கட்டுமா. படுத்தா வயித்துல ஏதோ அடிக்குது. தொப்புளுக்கு மேல. இன்னொரு இதயம் இருக்கற மாதிரி. லொரெய்ன் கைய வெச்சுப் பாத்துட்டு பயந்துட்டா. ஆசுபத்திரிக்குப் போனா ஆயிரம் டெஸ்டு எடுப்பானுங்க. நீ சொல்லு. போவணுமா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு விடை கேட்பது போல. போ என்று ஒரு சொல் சொன்னால் போயிருப்பான். அன்று மத்தியானமே போயிருப்பான், லொரெய்ன் இடது கையால் அவன் துணியை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்திருப்பாள்.

"வயித்தப் பத்திச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, மார்வ்," என்றேன். "உன் முதுகெலும்பு உன் வயசுக்கு நல்லாவே இருக்கு."

அவன் முகம் அப்படியே தெளிந்தது. "அது போதும்யா," என்றான். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் புதன்கிழமைதோறும் எங்கள் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சூப் விருந்து நடக்கும், உங்களுக்குத் தெரியும். இரண்டாவது புதன், மாலை ஆறு மணி, பன்றி இறைச்சியும் பீன்ஸும் போட்ட சூப். மார்வும் லொரெய்னும் எனக்கு மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவன் ரொட்டியைப் பிய்த்து அவளுடைய தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். அவளால் ஒரு கையால் பிய்க்க முடியாது. அப்படியே எழுந்தான், முதுகைப் பிடித்துக்கொண்டான், மேஜை விரிப்போடு சரிந்தான். சூப்புப் பாத்திரங்கள் எல்லாம் கீழே. யாரோ கத்தினார்கள். "லைல் இருக்காரு. லைலக் கூப்புடு. டாக்டர், வாங்க டாக்டர்."

போனேன். பக்கத்தில் நின்றேன். லொரெய்ன் அவன் சட்டைக் காலரை இடது கையால் அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், பித்தான் நழுவிக்கொண்டே இருந்தது. மார்வ் என்னைப் பார்த்தான். அவனுக்கு நினைவு இருந்தது. "முதுகு, லைல்," என்றான். "முதுகப் பாரு."

"நான் இதுக்கான டாக்டர் இல்ல. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க," என்றேன். சரியான வார்த்தைகள். பயிற்சி வகுப்பில் எழுதிப்போட்ட வார்த்தைகள். ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. வந்தவர்கள், இவருக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தானே.

பெரிய மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே ஒரு மருத்துவர் லொரெய்னிடம், இது வருடக்கணக்காக வளர்ந்திருக்கும், சும்மா ஒரு எக்ஸ்ரேயில்கூடத் தெரிந்திருக்கும், யாரும் பார்க்கவே இல்லையா என்று கேட்டிருக்கிறார். அடக்கம் முடிந்து நான்காம் நாள் அவள் இங்கே வந்தாள். இடது கையால் கோணல்மாணலாக எழுதிய விண்ணப்பத்தை வெர்னாவிடம் கொடுத்தாள். மார்வுடைய எல்லாப் படங்களும் வேண்டும். நோயாளியோ வாரிசோ கேட்டால் குறித்த நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதுவும் விதி.

எனக்கு ஒன்பது நாள் இருந்தது. மெழுகுப் பென்சில் கோடு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும். துடைத்திருந்தால், 'கவனிக்கவில்லை' என்று சொல்லியிருப்பேன். நீங்களும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். பஞ்சை எடுத்தேன். நான்கு வருடத்துப் பக்கவாட்டுப் படங்களையும் வரிசையாக மாட்டினேன். ஒட்டுச்சீட்டுகளைப் பிரித்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்தேழு, ஐம்பத்தைந்து, அறுபத்தெட்டு. ஒவ்வொன்றும் சரியான இடத்தில், சரியான கோணத்தில், ஒரு மில்லிமீட்டர் பிசகில்லாமல். இந்த மாநிலத்தில் எத்தனை மருத்துவர்கள் அப்படி அளப்பார்கள்? எலும்பை மட்டும் பார் என்று சொன்னார்களே, அதைத் தாண்டி எவ்வளவு நன்றாக என்னால் பார்க்க முடியும் என்பதற்கு உலகத்தில் வேறு அத்தாட்சி இல்லை. துடைக்க மனம் வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைக் காத்தேன், கை கெடுத்துவிட்டது.

ஒன்பதாம் நாள் லொரெய்ன் வந்து, அதே இடத்தில், விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எலும்பும் தெரியாது, குழாயும் தெரியாது. எண்களும் தேதிகளும் தெரியும். வெகுநேரம் பார்த்தாள். பாதி வாயால், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"அவரு… உன்ன நம்பினாரு, லைல். என் கைய உனக்குத் தந்தேன். அவரையும் தந்துட்டேன்."

கொஞ்சம் நாடகத்தனமான பேச்சு. துக்கத்தில் இருக்கிறவள், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படங்களை உறையில் போட்டுக் காரில் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தேன்.

இவ்வளவுதான். மூன்று விதிகளில் ஒன்றையாவது நான் மீறினேனா, சொல்லுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? அந்தக் காலண்டரை எடுக்க வேண்டாம், ஆணி லேசாக ஆடுகிறது. சரி, எடுத்துவிட்டீர்கள். வாசியுங்கள். 'நான்கு, தன் தொழிலுக்கு வெளியே உள்ள நோயின் அடையாளம் எதுவும் கண்ணில் பட்டால், அன்றே நோயாளியிடம் சொல்லி, உரிய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.' ஆமாம். அது நான்காவது விதி. எனக்குத் தெரியாது என்று நான் எப்போது சொன்னேன்? தேர்வில் அதைப் பற்றியே ஒரு கேள்வி இருந்தது, இதே வளைவு, இதே படம். அதற்கு எனக்கு முழு மதிப்பெண்.

நீங்கள் அப்படிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, மிஸ் ஹால்வர்சன். அந்த விதியை மதிக்காதவன் என்று மட்டும் என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள். மார்வ் முதல் தடவை வந்த அதே வருடம், அக்டோபரில், விதை விற்கிறவர் ஒருவர் வழியில் முதுகு பிடித்துக்கொண்டு இங்கே வந்தார். முன்பின் தெரியாத ஆள். படம் எடுத்தேன். அதே வளைவு, நாற்பத்தாறு மில்லிமீட்டர். ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அவரை உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னேன், மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன், வண்டி ஓட்டக்கூடாது என்று என் காரிலேயே கொண்டுபோய் விட்டேன். அறுவை செய்தார்கள். நன்றாக இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் தவறாமல் எனக்கு அவர் கம்பெனிக் காலண்டரை அனுப்புவார், 'என் உயிரைக் காப்பாற்றியவருக்கு' என்று கையால் எழுதி. அதைத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். அதையும் உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் தரப்பில் இருக்கிற சாட்சி அது ஒன்றுதான்.